வீட்டில் எல்லாருக்கும் வந்த காய்ச்சல், எனக்கு மட்டும் ஏன் விடவில்லை?

கேள்வி: எனக்கு 46 வயது. தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சிக்குன்குனியா. எங்கள் வீட்டில் கணவர், மாமியார், நான் என்று மூன்று பேரும் ஒரே வாரத்தில் படுத்தோம். அவர் பத்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். 70 வயது மாமியாரும் ஒரு மாதத்தில் பழையபடி நடமாட ஆரம்பித்துவிட்டார்கள். நான்தான் இன்னும் தேறவில்லை. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது. கணுக்கால் வலியில் படி இறங்கவே பயமாக இருக்கிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. எந்நேரமும் அசதி. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். 'எங்களுக்கும்தான் வந்தது, நாங்கள் எழுந்திருக்கவில்லையா' என்று வீட்டில் பேச்சு. பக்கத்து ஊரில் ஒருவர் போடும் ஊசியில் வலி உடனே போய்விடுகிறதாம். எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை எடுக்கிறேன். வைரஸ் இன்னும் உடம்பில் இருக்கிறதா? பிள்ளைகளுக்குத் தொற்றுமா? இது முடக்குவாதமாகிவிடுமா? எனக்கு மட்டும் ஏன் இப்படி, டாக்டர்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் அந்த ஊசி. தயவுசெய்து போட்டுக்கொள்ளாதீர்கள். மூட்டுவலிக்குப் போட்டதும் பறந்துவிடும் என்று பேர் வாங்கிய ஊசிகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டுகள் கடுமையாக வீங்கி நிற்பவர்களுக்கு நானும் எழுதிக் கொடுப்பதுண்டு, குறைந்த அளவில், இத்தனை வாரம் என்று கணக்கு வைத்து. என்ன மருந்து, என்ன அளவு என்று சீட்டில் எழுதாத ஒருவரிடம் வாரா வாரம் கையை நீட்டுவது வேறு கதை. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஸ்டீராய்டு உள்ளே போன சில மணி நேரத்தில் அது ஏறத் தொடங்கும். வலி போன சந்தோஷத்தில் யாரும் சர்க்கரையைப் பார்ப்பதில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பு பலவீனமாகும், ரத்த அழுத்தம் கூடும், முகம் ஊதும், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டும் குறைந்துபோகும். அதனால் ஏற்கெனவே பல வாரம் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் மூட்டுவலிப் பொடி, உருண்டை எல்லாவற்றுக்கும் இதையே சொல்வேன். அவற்றில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

சரி, இனி உங்கள் கடைசிக் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

உங்களுக்கு மட்டும் இல்லை. 2005, 2006 வருடங்களில் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவை இந்தக் காய்ச்சல் புரட்டிப் போட்டது. ஒரு காலத்தில் நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களின் வாரிசுகள் நிறைய வாழும் தீவு அது. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு நோய் வந்துபோனது. சின்ன இடம், பிரெஞ்சு ஆட்சியின் மருத்துவ வசதி, ஒழுங்கான பதிவேடு என்று எல்லாம் இருந்ததால் அவர்களைப் பிறகும் தொடர்ந்து கவனிக்க முடிந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து விசாரித்தபோது, நோய் வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 43 பேர் மூட்டு, தசை வலி இன்னும் இருக்கிறது, அல்லது விட்டு விட்டு வருகிறது என்றார்கள். அதே தீவில் நோயே வராதவர்களைக் கேட்டபோது நூற்றுக்குச் சுமார் 17 பேர் அப்படிச் சொன்னார்கள்.

அந்த இரண்டாவது எண்ணையும் மறக்க வேண்டாம். நாற்பதைத் தாண்டிய யாருக்கும் ஏதாவது ஒரு மூட்டில் வலி இருக்க வாய்ப்புண்டு. ஐந்து மாதத்துக்கு முன் காய்ச்சல் வந்தது என்பதற்காக எல்லா வலியையும் அதன் கணக்கில் எழுதிவிட்டு, இடையில் புதிதாக முளைத்த ஒன்றைத் தவறவிடக் கூடாது. உங்களை நேரில் பார்க்காமல் மாத்திரை பெயரை எழுதித் தராததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிய விருந்தாளி இல்லை. 1964-லேயே சென்னையில் பெரிய அளவில் பரவியது. எழுபதுகளுக்குப் பிறகு ஏறக்குறைய மறைந்துபோய், 2005 கடைசியில் திரும்பி வந்தது. 2006-இல் மட்டும் நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் பேருக்கு இருக்கலாம் என்று அரசுக் கணக்கில் பதிவானது. அந்த வருடம் குனிந்து குனிந்து நடந்தவர்களை உங்கள் ஊரிலும் பலர் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஒரே வீட்டில், ஒரே கொசுக் கூட்டத்தால், ஒரே வாரத்தில் வந்த நோய் ஒருவருக்குப் பத்து நாளும் இன்னொருவருக்கு மாதக்கணக்கிலும் இருப்பது ஏன்? இந்த வைரஸ் ரத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. மூட்டின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வு, தசைநாரைச் சுற்றிய உறை, தசை என்று போய் அங்கே பெருகும். அதை விரட்ட வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டு வரும், அழற்சியை, அதாவது வீக்கம், சூடு, வலி என்று உடம்பு காட்டும் எதிர்வினையைத் தூண்டும் பொருள்களை வெளிவிடும். வைரஸ் ஒடுங்கியதும் இந்தப் பட்டாளம் கலைந்து போக வேண்டும். பலருக்குக் கலைந்துவிடுகிறது. சிலருக்கு மூட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வலி நீடிப்பவர்களின் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் கூடுதலாக இருப்பதைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

யாருக்குத் தங்கும் என்பதில் சில போக்குகள் ஓரளவு தெளிவாகத் தெரிகின்றன. முதல் வாரத்தில் ரத்தத்தில் வைரஸ் அளவு அதிகமாக இருந்தவர்கள், காய்ச்சல் நாட்களில் பல மூட்டுகளில் கடும் வலி பட்டவர்கள், நாற்பது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், முன்பே மூட்டுத் தொந்தரவு இருந்தவர்கள். நீங்கள் இதில் குறைந்தது இரண்டில் வருகிறீர்கள். அப்படியானால் 70 வயது மாமியார் எப்படித் தேறினார்கள் என்று கேட்பீர்கள். இந்தப் போக்கெல்லாம் ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரிகிறவை. ஒரு வீட்டுக்குள் மூன்று பேரை நிறுத்திப் பார்த்தால் கணக்கு எப்படி வேண்டுமானாலும் வரும். மாமியார் தேறியது அவர்களுக்கு நல்லது. அதை வைத்து உங்கள் வலியை அளக்க முடியாது.

வீட்டுப் பேச்சைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதில் சொல்வதைவிட ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரைச் சுற்றி நடந்த ஓர் ஆய்வு பதில் சொல்லட்டும். 2006-இல் வெளியானது. மூன்று வெவ்வேறு தொற்றுகள் வந்த 253 பேரைக் காய்ச்சல் நாளிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். அந்த மூன்றில் ஒன்று ராஸ் ரிவர் வைரஸ். சிக்குன்குனியாவின் நெருங்கிய உறவு, அதுவும் கொசு பரப்புவது, அதுவும் மூட்டைப் பிடிப்பது. ஆறு மாதம் கழித்து நூற்றுக்குச் சுமார் 12 பேர் இன்னும் அசதி, உடம்புவலி, மறதி, மனநிலைத் தடுமாற்றம் என்று முடங்கியிருந்தார்கள். எந்தக் கிருமி என்பதைப் பொறுத்து அந்த விகிதம் மாறவில்லை. முன்பு மனச்சோர்வு இருந்ததா, எப்படிப்பட்ட சுபாவம் என்பதை வைத்தும் கணிக்க முடியவில்லை. முதல் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக அடித்தது என்பதுதான் முன்கூட்டிக் காட்டிக்கொடுத்தது. கோவிட்டுக்குப் பிறகு உலகம் முழுக்க இதே புலம்பலைக் கேட்டோம். உடம்பின் எதிர்வினைதான் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்களுக்குக் கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. உங்கள் கணவரை அடுத்த தடவை டாக்டரிடம் கூட அழைத்துப் போங்கள். நீங்கள் பத்து தடவை சொல்வதை அவர் ஒரு தடவை அங்கே கேட்டால் போதும். மாமியாருக்கும் அவரே சொல்லிக்கொள்வார்.

வைரஸ் இன்னும் இருக்கிறதா? ரத்தத்தில் உயிருள்ள வைரஸ் சுற்றுவது பெரும்பாலும் முதல் வாரம்தான். இன்றைக்கு உங்களைக் கடித்த கொசு உங்கள் பிள்ளையைக் கடித்தாலும் உங்களிடமிருந்து சிக்குன்குனியா போகாது. ஒட்டிப் படுத்தாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ எப்போதுமே தொற்றாது. ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வருவதும் மிக அரிது, ஆகவே மழை, குளிர் நாளில் வலி கூடினால் திரும்பவும் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருளை ரத்தத்தில் தேடும் சிக்குன்குனியா ஐ.ஜி.எம். பரிசோதனை, வைரஸ் போன பிறகும் பல மாதம் பாசிட்டிவ் என்றே காட்டலாம். அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள்.

மூட்டுக்குள் வைரஸின் மிச்சம் இருக்கிறதா என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் சண்டை. ரீயூனியனில் ஒரு நோயாளிக்கு 18 மாதம் கழித்து மூட்டுச் சவ்வின் திசுவை எடுத்துப் பார்த்தபோது, அங்கிருந்த அணுக்களுக்குள் வைரஸின் மரபுப்பொருளும் புரதமும் கிடைத்தன. கொலம்பியாவில் ஏறக்குறைய இரண்டு வருடமாக வலி இருந்தவர்களின் மூட்டு நீரை எடுத்துப் பல வழிகளில் தேடினார்கள்; ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றில் பார்த்தது சவ்வு, இன்னொன்றில் பார்த்தது நீர், அதனால் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். என் எண்ணம், பெரும்பாலோருக்கு வைரஸ் போய்விட்டது, அது கிளப்பிவிட்ட அழற்சி அடங்கவில்லை. சிகிச்சையும் அந்த அழற்சியைக் குறிவைத்துத்தான் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் வைரஸைக் கொல்லும் மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் கையைப் பாருங்கள். எனக்கு நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி, காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்கவில்லை என்பது. மூட்டு வெறுமனே தேய்ந்திருந்தால் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரம் நீடிக்கிறது என்றால் உள்ளே அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். விரல் கணுக்களும் மணிக்கட்டும் கணுக்காலும் பொத்தென்று வீங்கியிருக்கிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, மோதிரம் இறுகிவிட்டதா என்று பாருங்கள். வீக்கம் இருந்தால் ஒரு வகைச் சிகிச்சை. வீக்கமே இல்லாமல் உடம்பு முழுக்க வலியும் அசதியும் கெட்ட தூக்கமும் மட்டும் இருந்தால் இன்னொரு வகை. அங்கே அழற்சி மருந்துகளைக் கொட்டிப் பிரயோஜனம் இல்லை. ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் உதறி உதறி எழுந்திருக்கிறீர்களா? அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதால் வருவது. தையல் வேலை செய்கிறவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதற்கு வாய்ப்பு அதிகம், சிக்குன்குனியா அதைக் கூட்டிவிடும்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள் என்கிறீர்கள். என்ன பரிசோதனை என்று எழுதவில்லை. பெரும்பாலும் யூரிக் ஆசிட், ஏ.எஸ்.ஓ., ஆர்.ஏ. ஃபேக்டர் மூன்றையும் ஒரு பொட்டலமாக எடுத்திருப்பார்கள். இதில் ஏ.எஸ்.ஓ. என்பது தொண்டையில் வரும் ஒரு பாக்டீரியா சம்பந்தப்பட்டது. உங்கள் வயதில், உங்கள் தொந்தரவுக்கு, அது பாசிட்டிவோ நெகட்டிவோ எனக்கு ஒன்றும் சொல்லாது. முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர், நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்கு பாசிட்டிவ் காட்டும். சிக்குன்குனியா மூட்டழற்சியில் இது பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் இருக்கும், முடக்குவாதத்துக்கு எடுக்கும் இன்னொரு பரிசோதனையான ஆன்டி சி.சி.பி.யும் அப்படியே. அழற்சியின் அளவைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி.கூட சில மாதத்தில் இறங்கிவிடலாம். ஆகவே ரிப்போர்ட் சுத்தமாக இருந்து கை வீங்கியிருந்தால் நான் கையைத்தான் நம்புவேன். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாத சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் நான்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் நம் ஊர்ப் பெண்களுக்குச் சர்வசாதாரணம். அசதிக்கும் முடி கொட்டுவதற்கும் அவை காரணமாக இருந்தால் தனியாகச் சரி செய்துவிடலாம்.

முடக்குவாதமாகிவிடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். மூன்று மாதம் தாண்டிவிட்டதால் உங்களுடையதை நாங்கள் நாள்பட்ட கட்டம் என்கிறோம். பார்வைக்கு இது அச்சு அசலாக முடக்குவாதம் போலவே இருக்கும், இரு பக்கமும் சமமாக, சின்ன மூட்டுகளில், காலை விறைப்போடு. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு மாதம் போகப் போக வலியின் உக்கிரமும் வரும் நாட்களும் குறைந்துகொண்டே வரும். சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் இழுக்கும். ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் நிஜமான முடக்குவாதத்தின் வழியில் போய் எலும்பு அரிக்கத் தொடங்கும். அவர்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் ஆன்டி சி.சி.பி., எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் எல்லாம். எலும்பு டாக்டரைவிட ருமட்டாலஜிஸ்ட் என்ற மூட்டுவாத நிபுணர்தான் இதற்குச் சரியான ஆள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிரிவு எந்த நாளில் ஓ.பி. பார்க்கிறது என்று முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

மருந்து என்று வந்தால், பாரசிட்டமால் வலியைக் கொஞ்சம் தணிக்கும், வீக்கத்தை அசைக்காது. நாப்ராக்ஸன், அசிக்ளோஃபினாக் போன்றவை வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் சர்க்கரை உள்ளவர் கிரியாட்டினின் பார்க்காமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது. வயிற்றில் எரிச்சல், கறுப்பாக மலம், சிறுநீர் குறைவு, கால் வீக்கம் எது வந்தாலும் நிறுத்திவிட்டு ஓடுங்கள். இதற்கும் அடங்காத வீக்கத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட், ஹைட்ராக்ஸிகுளோரோகுவின், சல்ஃபாசாலசின் என்று முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் அதே மருந்துகளைத்தான் கொடுக்கிறோம். கேரளாவில் 24 வாரம் நடத்திய ஆய்வு ஒன்றில், ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மட்டும் எடுத்தவர்களைவிட மூன்றையும் சேர்த்து எடுத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். எல்லாருக்கும் மூன்றும் தேவைப்படாது. ஒருவேளை மெத்தோட்ரெக்ஸேட் எழுதினால் ஒன்றைக் கல்லில் எழுதிக்கொள்ளுங்கள்: அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று சீட்டிலும் அட்டையிலும் பேனாவால் எழுதி வாங்குங்கள், கூடவே ஃபோலிக் ஆசிட் எந்த நாள் என்பதையும். இடையிடையே கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனை தப்பாமல் நடக்க வேண்டும்.

நிலவேம்புக் குடிநீர் குடிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பத்தில் எட்டுப் பேர் கேட்பார்கள். காய்ச்சல் நாளில் குடித்தது இருக்கட்டும். ஐந்து மாத மூட்டு வீக்கத்துக்கு அதையே மருந்தாக நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். எந்தக் கஷாயம் குடித்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், குறிப்பாகச் சர்க்கரை மாத்திரையோடு.

முடியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கடும் காய்ச்சல் வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகள் ஒரேயடியாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிரும். வேர் சாகவில்லை. இன்னும் சில மாதத்தில் கொட்டுவது நின்று முளைக்க ஆரம்பிக்கும். எண்ணெய்க் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

வேலைக்கு வருவோம். உங்களுடையது காலால் மிதிக்கும் மெஷினா? கணுக்கால் பிடித்திருக்கும்போது அதைவிடக் கொடுமை இல்லை. மோட்டார் மாட்டிவிடுங்கள், மாத்திரைச் செலவோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை. எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்து மெதுவாக மடக்கி நீட்டிவிட்டு, விறைப்பு விட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். தண்ணீரின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். சர்க்கரையில் உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். வெட்டும் வேலையை ஒரே மூச்சில் முடிக்காமல், அரை மணிக்கு ஒரு தடவை கத்தரியை வைத்துவிட்டு எழுந்து நடங்கள். முழுக்கப் படுத்துக் கிடந்தால் மூட்டு இன்னும் இறுகும், தசை கரையும். அதே சமயம், ஒரு நாள் நன்றாக இருக்கிறது என்று தேங்கிய துணியை எல்லாம் தைத்துத் தள்ளிவிட்டு மறுநாளும் அதற்கடுத்த நாளும் எழுந்திருக்க முடியாமல் போகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் நல்ல நாளிலும் பாதி வேலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு தாண்டிவிடலாம் என்ற அறிவுரை இந்த வகை அசதிக்குக் கெடுதல்.

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து கொதித்து மறுபடி காய்ச்சல் அடித்தாலோ, கண் சிவந்து வலித்துப் பார்வை மங்கினாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ ஓ.பி. நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள்.

கடைசியாக ஒரு சின்ன உபாயம். காலை வீக்கம் நீங்கள் பஸ் பிடித்து, சீட்டு வாங்கி, டாக்டர் முன்னால் உட்காருவதற்குள் பாதி வடிந்துவிடும். அவர் பார்த்துவிட்டு வீக்கமே இல்லையே என்பார். ஒரு வாரம், எழுந்ததும் இரண்டு கையையும் வெளிச்சத்தில் நீட்டி மகனையோ மகளையோ செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள், மடக்க முயலும்போது ஒன்று, விரித்து ஒன்று. விரல் முழுதாக மடங்கிய நேரத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தப் படங்களோடும், இதுவரை எடுத்த எல்லாப் பரிசோதனைச் சீட்டுகளோடும், சாப்பிட்ட மாத்திரை அட்டைகளோடும் போங்கள்.